தண்ணீரில் இறக்கிவிட ஓர் ஆள்

எருசலேமில் ஆட்டு வாயிலுக்கு அருகே இருந்த குளத்தைப் பற்றி யோவான் நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பெத்சதா என்பது அதன் பெயர். அதைச் சூழ்ந்த ஐந்து மண்டபங்களிலும் பார்வையற்றோரும் கால் ஊனமுற்றோரும் உடல் தளர்ந்தோரும் திரளாகப் படுத்துக் கிடந்தனர். அவர்களுள் ஒருவர் 38 ஆண்டுகளாக நோயுற்றிருந்தவர். நலம்பெற விருப்பமா என்று ஆண்டவர் அவரைக் கேட்டார். அம்மனிதர் ஆம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தண்ணீர் கலங்கும்போது தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை என்ற குறையைத்தான் முதலில் சொன்னார். தண்ணீரின் அருகிலேயே வாழ்நாளைக் கழித்தவருக்குத் தண்ணீர் எட்டவில்லை.

இந்தக் குளத்தைக் கற்பனை என்று கருதியவர்கள் ஒரு காலத்தில் இருந்தனர். ஐந்து மண்டபங்கள் கொண்ட குளம் எப்படி இருக்க முடியும் என்பது அவர்கள் ஐயம். எருசலேமில் புனித அன்னாள் ஆலயத்தை ஒட்டிய நிலத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய அகழாய்வுகள் அந்த ஐயத்தைத் தீர்த்தன. நடுவே ஒரு சுவரால் பிரிக்கப்பட்ட இரண்டு ஆழமான குளங்கள் அங்கே வெளிப்பட்டன. நான்கு பக்கமும் நான்கு மண்டபங்கள், இடைச் சுவரின்மேல் ஒன்று என ஐந்தின் கணக்குப் புரிந்தது. குளத்தின் ஆழத்தைக் காணும்போது இன்னொன்றும் புரிகிறது. நடக்க இயலாத ஒருவர் துணையின்றி இறங்கக்கூடிய நீர்நிலை அன்று அது.

நோயாளியும் தண்ணீரும் சந்தித்த வரலாறு நெடியது. அதில் ஒரு சிறு கிளையை மட்டும் இங்கே காண விழைகிறேன். முதுகு வலியாலும், இடுப்பிலிருந்து கால்வரை மின்னலைப் போல இறங்கும் சயாட்டிகா வலியாலும் வருந்துவோர் நீரில் ஆறுதல் கண்ட வரலாறு அது. அதைப் படிக்கும்தோறும் பெத்சதாவின் இரண்டு கேள்விகள் மீண்டும் மீண்டும் எழுகின்றன. நீர் உண்மையிலேயே என்ன செய்கிறது? அதில் இறங்கும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது?

நேப்பிள்ஸ் நகரின் மருத்துவமனை

உடலிலுள்ள நரம்புகளுள் மிகத் தடித்தது இடுப்பிலிருந்து தொடையின் பின்புறமாக இறங்கும் சயாட்டிக் நரம்பு. முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து வெளிவரும் நரம்பு வேர்கள் ஒன்றுசேர்ந்து இதனை உருவாக்குகின்றன. அந்த வேர்களுள் ஒன்று அழுத்தப்பட்டாலோ உறுத்தப்பட்டாலோ வலி பிட்டத்தில் தொடங்கித் தொடை, கெண்டைக்கால், பாதம் என ஓடுகிறது. இருமினால் சுண்டும், தும்மினால் உயிர் போகும். திருப்பலியில் முழந்தாளிட்டு எழ முயலும்போது முன் இருக்கையைப் பற்றிக்கொண்டு பல்லைக் கடிக்கும் முதியவர்களை நாம் எல்லாப் பங்குகளிலும் பார்க்கிறோம். அவர்களுள் பலருக்கு இந்த வலி பழக்கமானது.

பண்டைய மருத்துவர்கள் இதனை இடுப்பு மூட்டின் நோய் என்றே எண்ணினர். இது நரம்பில் பிறக்கும் வலி என்று தெளிவாக எடுத்துரைத்தவர் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர மருத்துவர் தொமெனிக்கோ கொத்துஞ்ஞோ. இலத்தீனில் எழுதிய அவரது நூல் 1764இல் வெளிவந்தது. அவர் பணியாற்றிய மருத்துவமனையின் பெயரே நம்மைச் சற்று நிறுத்துகிறது: 'குணப்படுத்த இயலாதோர் மருத்துவமனை'. கைவிடப்பட்டோருக்கென்று அதனை 1522இல் நிறுவியவர் மரிய லொரென்சா லோங்கோ என்னும் கைம்பெண். முடங்கிக் கிடந்த அவர் லொரேத்தோ அன்னையின் திருத்தலத்திற்குச் சென்று நலம் பெற்றார். பெற்ற நலத்திற்கு நன்றியாக, நலம் பெறாதோருக்கு ஓர் இல்லம் எழுப்பினார். திருச்சபை 2021இல் அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தியது. சயாட்டிகாவின் உண்மை முகம் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டதில், நோயுற்றிருந்த ஒரு பெண் தொடங்கிய அந்த இல்லத்திற்கும் பங்குண்டு.

நரம்பை அழுத்துவது எது என்பது தெரிய இன்னும் 170 ஆண்டுகள் ஆயின. முதுகெலும்புக் கணுக்களுக்கிடையே மெத்தைபோல அமைந்துள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை அழுத்தக்கூடும் என்பதை அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் 1934இல் நிறுவினர்.

பாத் நகரின் ஏழைகள்

காரணம் தெரிவதற்கு வெகு காலத்திற்கு முன்பே நோயாளிகள் நீரைத் தேடிச் சென்றனர். இங்கிலாந்தின் பாத் நகரில் ஏறக்குறைய 46 பாகை செல்சியஸ் வெப்பமுடைய நீரூற்று நாள்தோறும் பத்து இலட்சம் லிட்டருக்கும் மிகுதியான நீரைத் தருகிறது. உரோமையர் அங்கே குளிப்பிடம் கட்டினர். 18ஆம் நூற்றாண்டில் அது செல்வந்தர்களின் உல்லாச நகரமாயிற்று. ஆனால் முடக்குவாதத்தாலும் இடுப்பு வலியாலும் வருந்திய ஏழைகளும் அங்கே வந்து குவிந்தனர். அவர்களால் தங்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. அவர்களுக்காகவே 1742இல் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது.

அந்த மருத்துவமனையின் சேர்க்கை விதிகள் சிந்திக்க வைப்பவை. நாட்டின் எப்பகுதி ஏழையும் வரலாம். ஆனால் பாத் நகர ஏழைகளுக்கு நெடுங்காலம் இடமில்லை. வருபவர் தம் ஊரிலிருந்து நோயைப் பற்றிய கடிதம் கொண்டுவர வேண்டும். முன்பணமும் கட்ட வேண்டும். நலம் பெற்றால் ஊர் திரும்பும் செலவுக்கு அந்தப் பணம். இறந்தால் அடக்கச் செலவுக்கு. இப்படி நுழைந்தவர்கள் வாரக்கணக்கில் தங்கி, கழுத்தளவு வெந்நீரில் இறக்கப்பட்டனர். தம் கால்களால் வாயிலைக் கடந்து வெளியேறியவர்கள் பலர்.

நலம் தந்தது நீரிலுள்ள தாது உப்புகளே என்று அக்காலத்தவர் நம்பினர். ஈயம் உடலில் ஏறிக் கை கால் தளர்ந்த தொழிலாளர்கள் அங்கே நலம் பெற்றது உண்மை. கழுத்தளவு நீரில் நெடுநேரம் அமர்ந்தால் நீரின் அழுத்தத்தால் சிறுநீர் மிகுந்து, அதனோடு ஈயமும் கூடுதலாக வெளியேறுகிறது என்று 1980களில் நடந்த ஆய்வுகள் விளக்கின. ஊற்றில் கரைந்த உப்பைவிட, நீரில் அமிழ்ந்திருப்பதே வேலை செய்தது.

நெசவாளியின் மகன்

இந்த வரலாற்றில் நம் உள்ளத்திற்கு மிக நெருக்கமானவர் ஒரு பங்குத்தந்தை. அவர் பெயர் செபஸ்தியான் க்னைப்.

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் ஸ்டெபான்ஸ்ரீடு என்னும் சிற்றூரில் 1821 மே 17 அன்று ஓர் ஏழை நெசவாளியின் மகனாகப் பிறந்தார். ஈரம் கசியும் நிலவறையில் தறியின்முன் அமர்ந்து தந்தைக்குத் துணைநின்ற சிறுவனின் உள்ளத்தில் குருவாக வேண்டும் என்ற ஆசை வேரூன்றியிருந்தது. படிக்கப் பணமில்லை. சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையும் வீடு தீப்பற்றியபோது சாம்பலாயிற்று. இருபது வயதைக் கடந்த அந்த நெசவாளிக்கு இலத்தீன் கற்பிக்க முன்வந்தவர் மத்தியாஸ் மெர்க்லே என்னும் உதவிப் பங்குக்குரு. தம்மைவிட இளைய மாணவர்களோடு அமர்ந்து படித்து உயர்நிலைப் பள்ளியை முடிக்குமுன் நுரையீரல் நோய் அவரைப் பற்றியது. மருத்துவர்கள் நம்பிக்கை இழந்தனர்.

அந்நிலையில் நூலகத்தில் ஒரு பழைய சிறுநூல் அவர் கையில் கிடைத்தது. தண்ணீரின் ஆற்றலைப் பற்றி யோகான் சீக்மண்ட் ஹான் என்னும் மருத்துவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதியது அது. 1849ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் இளைஞர் செபஸ்தியான் தன்யூப் ஆற்றங்கரைக்கு ஓடினார்; உறையும் நீரில் சில நொடிகள் மட்டும் மூழ்கி எழுந்தார்; ஆடை அணிந்து வேகமாக வீடு திரும்பினார். வாரத்தில் சில நாள் இதையே செய்தார். படிப்படியாக உடல் தேறியது. மூனிக்கில் குருமாணவராகப் பயின்று, 1852இல் ஆக்ஸ்பர்க் நகரில் குருப்பட்டம் பெற்றார்.

சென்ற பங்குகளிலெல்லாம் நோயுற்ற ஏழைகளுக்கு நீரால் உதவினார். மருத்துவம் பயிலாதவர் மருத்துவம் செய்கிறார் என்ற குற்றச்சாட்டு அவரைத் தொடர்ந்தது. அதிகாரிகள் விசாரித்தனர், கண்டித்தனர். 1855இல் வோரிஸ்ஹோபன் என்னும் சிற்றூரிலிருந்த தோமினிக் சபைக் கன்னியர் மடத்தின் ஆன்ம குருவாக அவர் அனுப்பப்பட்டார். அங்கே மடத்தின் நிலங்களைத் திருத்தினார். தேனீ வளர்ப்பைப் பரப்பினார். அதைப்பற்றி நூலும் எழுதினார். ஆனால் நோயாளிகள் விடவில்லை. மடத்தின் துணி துவைக்கும் கூடமே அவருடைய முதல் மருத்துவ நிலையமாயிற்று. கையில் பூவாளி, அருகில் தண்ணீர்த் தொட்டி, கருவிகள் அவ்வளவே. 1881இல் அவ்வூரின் பங்குத்தந்தையாகவும் பொறுப்பேற்றார்.

'என் நீர் மருத்துவம்' என்று பொருள்படும் அவரது நூல் 1886இல் வெளிவந்தது. பதிப்புமேல் பதிப்புக் கண்டு, பல மொழிகளுக்குச் சென்றது. அதன் பின்னர் வோரிஸ்ஹோபன் அமைதியான சிற்றூராக இருக்கவில்லை. உழவரும் வந்தனர், ஆஸ்திரியப் பேரரசக் குடும்பத்தைச் சேர்ந்த இளவரசர் யோசேப்பும் வந்தார். நூல்களால் கிடைத்த வருவாயையும் நன்கொடைகளையும் கொண்டு 1891இல் செபஸ்தியானேயும் என்னும் நலவாழ்வு இல்லத்தையும், 1893இல் ஏழைக் குழந்தைகளுக்கான காப்பகத்தையும், 1896இல் க்னைப்பியானும் இல்லத்தையும் எழுப்பினார். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் அவருக்கு மொன்சிஞ்ஞோர் பட்டம் வழங்கினார். 1894இல் உரோமைக்குச் சென்ற க்னைப், முதுமையால் தளர்ந்திருந்த திருத்தந்தைக்கே மருத்துவ ஆலோசனை கூறினார். 1897 ஜூன் 17 அன்று காலமானார். அவ்வூர் 1920 முதல் நீராடு நகர் என்ற பொருளில் பாத் வோரிஸ்ஹோபன் என அழைக்கப்படுகிறது. க்னைப்பின் மருத்துவ மரபு 2015இல் ஜெர்மனியின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

க்னைப்பின் வாழ்வில் என்னை மிகவும் கவர்வது அவர் அடைந்த புகழன்று; அவரிடம் வளர்ந்த மென்மை. தொடக்க காலத்தில் கடுமையாக இருந்த தம் முறையைத் தாமே மும்முறை மாற்றியதாகவும், கடுமையிலிருந்து மென்மைக்கும் அதனினும் மிகு மென்மைக்கும் வந்ததாகவும் அவர் தம் நூலின் முகவுரையில் ஒப்புக்கொள்கிறார். தன்யூப் ஆற்றில் பாய்ந்த இளைஞர், முதுமையில் கெண்டைக்கால் அளவு நீரில் கொக்கைப்போல ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்துச் சில நிமிடங்கள் நடக்கச் சொன்னார். காலைப் பனி படர்ந்த புல்லில் வெறுங்காலோடு நடக்கச் சொன்னார். நீரோடு உடலுழைப்பும், எளிய உணவும், மூலிகையும், ஒழுங்கான வாழ்வும் சேர வேண்டும் என்றார். நம்பிக்கை கொண்டவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, தமக்கு உதவியதை எல்லாருக்கும் அதே அளவில் ஊட்டுவது. தம் மருந்தின் கடுமையைத் தாமே குறைத்துக்கொண்ட அவரிடம் ஒரு நல்ல மேய்ப்பரைக் காண்கிறேன்.

ஆயினும் உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் பயன்படுத்தியது பெரும்பாலும் குளிர்ந்த நீர். அதனால் எல்லா நோயும் தீரும் என்று அவர் வழியினர் சிலர் நம்பியதை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. முதுகு வலிக்கு இன்று பரிந்துரைக்கப்படும் நீர்ப் பயிற்சி இதமான சூட்டில் செய்யப்படுவது. அதன் பிறப்பிடம் வேறு.

அல்லிக் குளமும் வெந்நீர் ஊற்றும்

1924ஆம் ஆண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சார்லஸ் லோமன் என்னும் எலும்பியல் மருத்துவர், இளம்பிள்ளை வாதத்தால் கால் சோர்ந்த குழந்தைகளுக்காகத் தம் மருத்துவமனை வளாகத்து அல்லிக் குளத்தைப் பயிற்சித் தொட்டிகளாக மாற்றினார். தரையில் அசைக்க இயலாத கால்கள் நீரில் அசைந்தன. நீருக்கடியில் செய்யும் உடற்பயிற்சிகளைப் பற்றி அவர் 1937இல் நூலாகவும் எழுதினார்.

அதே 1924ஆம் ஆண்டு அக்டோபரில், ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊருக்கு ஊன்றுகோலுடன் ஒருவர் வந்தார். அவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1921இல் தம் 39ஆம் வயதில் வாத நோயால் கால்களை இழந்திருந்தார். ஏறக்குறைய 31 பாகை வெப்பமுள்ள அந்த ஊற்று நீரில் அவரால் மார்பளவில் நிற்க முடிந்தது. அவர் கால்கள் மீண்டும் இயல்பாகவில்லை. ஆனால் உள்ளம் நிமிர்ந்தது. 1926இல் தம் செல்வத்தின் பெரும் பகுதியைச் செலவிட்டு அவ்விடத்தை வாங்கினார். 1927இல் அது வாத நோயாளருக்கான அறநிறுவனமாயிற்று. பின்னர் அவர் நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

இங்கேயும் பெத்சதாவின் கேள்வி எழுகிறது. வார்ம் ஸ்பிரிங்ஸ் நீரில் இறங்கிய நோயாளிகள் வெள்ளையர் மட்டுமே. சமைத்தவரும் தூக்கிச் சுமந்தவரும் கறுப்பின மக்களாக இருந்தனர். ஆனால் வாதம் தாக்கிய கறுப்பினக் குழந்தைக்கு அக்குளத்தில் இடமில்லை. எதிர்ப்புகள் எழுந்த பின்னர், 1941இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கேகியில் அவர்களுக்கென்று தனி மருத்துவ மையம் திறக்கப்பட்டது.

நாம் தொலைவிலிருந்து குறை சொல்லத் தகுதியுடையவர்கள் அல்லர். வார்ம் ஸ்பிரிங்ஸ் அறநிறுவனம் உருவான அதே 1927ஆம் ஆண்டு மார்ச் 20 அன்றுதான், மகாராட்டிரத்தின் மகாட் நகரில் டாக்டர் அம்பேத்கர் சவ்தார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிப் பருகினார். பொதுக் குளத்தின் நீரைத் தொடுவதற்கே ஒரு போராட்டம் தேவைப்பட்ட நாடு இது. நம் சிற்றூர்களிலும் குளத்திற்குத் தனிப் படித்துறைகள் இருந்தன. ஆலயத்தில் தனி இருக்கைகளும் கல்லறையில் தனிச் சுவர்களும் இருந்த பங்குகளை நம் மூத்தவர்கள் அறிவர். ஒரே திருமுழுக்குத் தண்ணீரில் பிறந்தவர்களே அச்சுவர்களைக் கட்டினர்.

நீர் என்ன செய்கிறது?

முதல் கேள்விக்கு வருவோம். முதுகு நொந்தவருக்கு நீர் எவ்வாறு உதவுகிறது?

ஆர்க்கிமிடீஸ் கண்ட விதியே அதன் அடிப்படை. நீரில் அமிழ்ந்த உடலை நீர் மேல்நோக்கித் தாங்குகிறது. இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் தாங்கும் எடை ஏறக்குறையப் பாதியாகிறது. மார்பளவு நீரில் மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவு நீரில் பத்தில் ஒரு பங்கு. தரையில் ஒவ்வோர் அடியிலும் முழு எடையையும் சுமக்கும் முதுகெலும்பு நீரில் சுமை இறங்கி நிற்கிறது. அடுத்து, நீரின் இதமான சூடு. 32 முதல் 34 பாகை வரையுள்ள நீரில், வலிக்கு அஞ்சி இறுகியிருக்கும் தசைகள் இளகுகின்றன. மூன்றாவதாக, நீரின் எதிர்ப்பு. மெல்ல அசைத்தால் மெல்லத் தடுக்கும். விரைந்து அசைத்தால் வன்மையாகத் தடுக்கும். பயிற்சியின் கடுமையை நோயாளியே தம் அசைவால் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. நான்காவது, அச்சம் நீங்குதல். விழுந்துவிடுவோம் என்ற பயம் நீரில் குறைகிறது. பயம் குறைந்தவர் நடக்கிறார்.

நடப்பதுதான் இங்கே முதன்மையானது. முதுகு வலி என்றாலே படுக்கை என்பது பல தலைமுறைகளின் மருத்துவம். பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரப் பணியாளர்கள் 186 பேரிடம் நடந்த ஆய்வு 1995இல் வெளிவந்தது. திடீர் முதுகு வலிக்குப் படுத்து ஓய்வெடுத்தவர்களைவிட, வலி அனுமதித்த அளவில் அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர்கள் விரைவில் தேறினர். சயாட்டிகா உடைய 183 பேரைப் பற்றிய நெதர்லாந்து ஆய்வு 1999இல் வெளிவந்தது. இரண்டு வாரப் படுக்கை ஓய்வு தனிப் பயன் எதையும் தரவில்லை என்று அது காட்டியது. சீனாவின் ஷாங்காய் நகரில் நாட்பட்ட முதுகு வலியுள்ள 113 பேர் பங்கேற்ற ஆய்வு 2022இல் வெளியாயிற்று. மூன்று மாதம், வாரம் இருமுறை நீரில் பயிற்சி செய்தவர்கள், மின்தூண்டலும் வெப்பச் சிகிச்சையும் பெற்றவர்களைவிட ஓராண்டுக்குப் பின்னரும் நல்ல நிலையில் இருந்தனர். நீரில் பயிற்சி செய்வது மட்டுமே வழி என்று இதற்குப் பொருளில்லை. தரையில் நடக்க இயன்றவருக்கு நடையே போதும். தரையில் இயலாதவருக்கு நீர் ஒரு தொடக்க வாயில்.

பயிற்சிகள் மிக எளியவை. மார்பளவு நீரில் சுவரைப் பற்றிக்கொண்டு முன்னோக்கியும் பின்னோக்கியும் பக்கவாட்டிலும் நடத்தல். நின்றபடி ஒரு முழங்காலை வலிக்காத அளவுக்கு உயர்த்தி இறக்குதல். இடுப்பிலிருந்து காலை மெல்ல முன்னும் பின்னும் வீசுதல். மிதவையை அணைத்துக்கொண்டு மிதிவண்டி மிதிப்பதுபோலக் கால்களைச் சுழற்றுதல். முதல் நாள்களில் பத்து நிமிடம் போதும். காலில் ஓடிய வலி பின்வாங்கி இடுப்பளவில் சுருங்கினால் அது நல்ல அடையாளம். வலி முன்னைவிடக் கீழே பாதம் நோக்கிப் பரவினால் அந்த அசைவை நிறுத்திவிட வேண்டும்.

சில எச்சரிக்கைகளையும் மறைக்கலாகாது. சிறுநீரையோ மலத்தையோ அடக்கும் கட்டுப்பாடு போனாலும், தொடைகளின் இடைப்பகுதி மரத்துப்போனாலும், பாதத்தைத் தூக்க இயலாமற்போனாலும் குளத்தை நாடக் கூடாது. அன்றே மருத்துவமனையை நாட வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் கண்டிருத்தல் ஆகியவற்றுடன் வரும் முதுகு வலியும் அப்படியே. இதய நோயுடையோர், வலிப்பு வருவோர், ஆறாத புண்ணுடையோர் மருத்துவரைக் கேளாமல் நீரில் இறங்கலாகாது. பாசி படிந்த படிக்கட்டும் ஆழம் தெரியாத கிணறும் நோயாளிக்கு உரியவை அல்ல. எவரும் தனியே இறங்கவும் கூடாது.

அற்புதமும் அன்றாடமும்

நீர் என்றதும் நம்மில் பலருக்கு லூர்து நினைவுக்கு வரும். அங்கே 2008 ஜூலையில் திருப்பயணம் வந்த பிரான்சிஸ்கன் அருட்சகோதரி பெர்னதெத் மோரியோ, முதுகெலும்பின் அடிப்பகுதி நரம்புகள் பாதிக்கப்பட்டு நெடுங்காலமாகத் துன்புற்றவர். பல அறுவைச் சிகிச்சைகளும் அவரைத் தேற்றவில்லை. திருப்பயணம் முடிந்து மடம் திரும்பிய சில நாள்களில், நற்கருணைமுன் செபித்த வேளைக்குப் பின் நலமடைந்தார். திருச்சபை அவசரப்படவில்லை. மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த பின்னரே, 2018 பிப்ரவரி 11 அன்று லூர்தின் 70ஆவது அற்புதமாக அது அறிவிக்கப்பட்டது.

இறைவன் விரும்பினால் நொடியில் நலம் தருவார், அதை நம்புகிறோம். ஆனால் லூர்துக்கு வரும் நோயாளருள் மிகப் பெரும்பாலோர் வந்த நோயோடுதான் திரும்புகின்றனர். அவர்களுக்கு அங்கே கிடைப்பது என்ன? சக்கர நாற்காலியைத் தள்ளும் கைகள். நீரில் இறக்கி ஏற்றும் தன்னார்வத் தொண்டர்கள். பெத்சதாவின் நோயாளி இல்லையென்று ஏங்கிய ஆள் அங்கே இருக்கிறார்.

பெத்சதாவில் ஆண்டவர் செய்ததைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று விளங்கும். அவர் அம்மனிதரைத் தண்ணீரில் இறக்கவில்லை. எழச் சொன்னார், படுக்கையைத் தாமே எடுத்துக்கொள்ளச் சொன்னார், நடக்கச் சொன்னார். 38 ஆண்டுகளாக அவரைச் சுமந்த படுக்கையை அன்று அவர் சுமந்தார். முதுகு நொந்து கிடப்போருக்கு அந்தக் கட்டளை இன்றும் உரியது. எழ முயல்வது நம் பங்கு. எழ முடியாதவருக்குத் தோள் கொடுப்பது அருகிலிருப்பவர் பங்கு.

நம் ஊர்களில் வெந்நீர்ப் பயிற்சிக் குளமுள்ள மருத்துவமனைகள் மிகச் சில. அவற்றின் கட்டணம் ஏழைக்கு எட்டாது. நீச்சல் குளங்களோ இளையோருக்கும் வசதி படைத்தோருக்கும் உரியவை என்று கருதப்படுகின்றன. ஈர உடையோடு பிறர் பார்வையில் நிற்கக் கூசி, இயன்முறை மருத்துவர் சொல்லியும் இறங்காமல் வலியோடு காலம் தள்ளும் தாய்மார் எத்தனையோ பேர். நம் மறைமாவட்டங்கள் நடத்தும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நீச்சல் குளம் இருக்குமானால், வாரத்தில் ஓரிரு முற்பகல் வேளைகளை முதியோருக்கென்று ஒதுக்கிவைக்கலாகாதா? பெண்களுக்குத் தனி வேளை, பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வை, படியில் கைபிடித்து இறக்க இரண்டு இளைஞர்கள். இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. துணி துவைக்கும் கூடத்தில் பூவாளியோடு தொடங்கிய ஒரு பங்குத்தந்தையை இப்போதுதான் சந்தித்தோம்.

அடுத்த ஞாயிறன்று திருப்பலியில் முன் இருக்கையைப் பற்றிக்கொண்டு எழுந்திருக்கத் திணறும் முதியவர் ஒருவர் நம் கண்ணில் படக்கூடும். எங்கே வலிக்கிறது என்று அவரைக் கேட்போம். அவர் சொல்லும் விடையில், வலியைப் பற்றிய செய்தியோடு, தமக்கு ஆள் இல்லை என்ற பழைய குறையும் கலந்திருக்கலாம். அதைக் கேட்ட பின் ஆலயத்தை விட்டு எப்படிப் போகிறோம் என்பது நம்மைப் பொறுத்தது.